அக்காவைக் கேளுங்க

ஜூன் 3, திங்கள்

இவருடைய கடைக்கு மோட்டார் கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி ஐந்து மாதமாக பீரோ மேல் கிடந்தது. இன்றைக்குத்தான் அதற்கு ஒரு வேலை வந்திருக்கிறது. தினமும் எத்தனை முடித்தேன் என்று குறித்து வைக்கப் போகிறேன். வேறு கதை எழுத எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

காலையில் சௌந்தர் கூப்பிட்டார். என் மேனேஜர், என்னைவிட ஒன்பது வயது சின்னவர். பழைய டெஸ்ட் ஸ்கிரிப்ட் முந்நூற்று எண்பத்தாறையும் புது டூலுக்கு மாற்ற வேண்டுமாம். இருபத்தெட்டாம் தேதிக்குள். "உங்களுக்குத்தான் மேடம் இதோட ஆதி அந்தம் எல்லாம் தெரியும்" என்றார். வேலையைத் தலையில் கட்டும்போது மட்டும் எல்லாரும் நல்ல தமிழ் பேசுகிறார்கள்.

சாப்பிடும்போது இவர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறது. டாக்டர் ஒரு மருந்தின் பெயரை அடிக்கிறார். அந்த மருந்து அந்த நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்பே பதிவாகியிருந்தால், எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்து தடுக்க வேண்டும். சாஃப்ட்வேரில் எதை மாற்றினாலும் அந்தப் பெட்டி இன்னும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கையால் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுகிறோம். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் எல்லாவற்றையும் திரும்பத் திரும்ப எழுதுவதில்லை. 'உள்ளே நுழை', 'நோயாளியைத் தேடு', 'பெட்டி வந்ததா பார்' என்று ஒவ்வொரு வேலையையும் ஒரு ஃபங்ஷனாக ஒரு முறை எழுதிப் பொது ஃபைலில் வைத்துவிடுவோம். வேண்டிய ஸ்கிரிப்ட் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும்.

"ஊரு உலகத்துல ஃபங்ஷனுக்கு ஆளைக் கூப்பிடுவாங்க. நீங்க ஃபங்ஷனையே கூப்பிடுவீங்களாக்கும்" என்றார். இருபது வருடக் குடித்தனத்தில் இவர் அடித்த ஜோக்குகளில் இது தேவலாம்.

பொது ஃபைல்கள் மொத்தம் பதினான்கு. முதலில் அவற்றை மாற்ற வேண்டும். இன்று ஒன்று முடிந்தது.

ஆபீஸ் மெயிலில் வெளி ஆட்கள் அனுப்பிய படிவம் ஒன்று வந்திருக்கிறது. நவநீதனைப் பற்றி. பிறகு பார்க்கலாம்.

ஜூன் 4, செவ்வாய்

ஃபைல் இரண்டு, மூன்று. நல்ல தண்ணீர் இன்றும் வரவில்லை. பத்து நாள் ஆகிறது.

ஜூன் 6, வியாழன்

ஐந்து வரைக்கும் முடித்தாயிற்று. ஐந்தாவதில் நான் பதினொரு வருடம் முன்பு எழுதியது அப்படியே இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாயே மரகதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யார் சொல்லப் போகிறார்கள்.

படிவத்தைத் திறந்து பார்த்தேன். நவநீதனுக்குப் பெங்களூரில் ஒரு வேலை கிடைக்கிற மாதிரி இருக்கிறது. அதற்கு முன்னால், பழைய இடத்தில் ஆள் எப்படி என்று விசாரிக்கிறார்கள். வழக்கமாக இதெல்லாம் ஹெச்.ஆருக்குப் போகும். ஹெச்.ஆர். எழுதுகிற பதிலால் அவனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவிப் போனது என்று யாரோ சொன்னார்கள். இந்த முறை அவனுடைய நேர் மேலாளரின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அவன் என் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

ஏழாவது கேள்வி: 'இவர் விலகியதற்கு நேர்மை தொடர்பான காரணம் உண்டா? உண்டு, இல்லை. விவரம் தரவும்.' பதினான்காம் தேதிக்குள் பதில் வேண்டுமாம்.

நவநீதன் அந்தியூர்க்காரன். வேலையை விட்டு அனுப்பும் வரை ஆறு வருடம் என் டீமில் இருந்தான், பக்கத்து சீட்டு. எனக்குத் தம்பி இல்லாத குறைக்கு அக்கா, அக்கா என்று சுற்றிக்கொண்டிருப்பான். வேலையில் கெட்டி. மூன்று வருடம் முன்பு சாஃப்ட்வேரின் புதுப் பதிப்பு ஒன்றின் ரிலீசில் அந்த எச்சரிக்கைப் பெட்டி வராமல் போய்விட்டது. ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்குச் சேராத மருந்தைப் போட்டுவிட்டார்கள். ஐந்து நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். அதை இங்கே எழுதி வைக்கிறேன், பிழைத்துக்கொண்டார்.

அந்த ரிலீசுக்கு டெஸ்ட் ஓட்டியது நவநீதன். ரிப்போர்ட்டில் பச்சை என்று இருந்தது. அதே டெஸ்டை என் மெஷினில் ஓட்டினால் சிவப்பு. ஓட்டாமலேயே பச்சை என்று எழுதிவிட்டான் என்றார்கள். விசாரணையில் எல்லார் முன்னாலும் அவன் மெஷினிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டினான். சிவப்பு. பத்துப் பேர் பார்த்தோம்.

"நான் ஓட்டுனனுங்க. பச்சை வந்துச்சுங்க" என்றான். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். பிறகு, "அக்காவைக் கேளுங்க" என்றான். மூன்று முறை. தன்னைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை சொல்வேன் என்று நினைத்திருப்பான், பாவம்.

என்னைக் கேட்டார்கள். "என் மெஷின்ல சிவப்புதான் வந்துச்சு" என்றேன். அது உண்மை.

ஜூன் 9, ஞாயிறு

மாவு அரைத்தேன். துணி இரண்டு பக்கெட். பதினோரு மணிக்கு நவநீதன் போன் செய்தான். கையில் மாவு. எடுக்கவில்லை.

கையைக் கழுவிய பிறகும் கூப்பிடவில்லை.

மத்தியானம் மெசேஜ் வந்தது. 'மேடம், நல்லா இருக்கீங்களா. சார் கால் இப்ப பரவாயில்லைங்களா. வெரிஃபிகேஷன் மெயில் வந்திருக்கும்னு நினைக்கிறேன். பதில் போட்டீங்கன்னா நல்லா இருக்கும். அவசரமில்லைங்க.'

இப்போது மேடம் ஆகிவிட்டேன். ஆகட்டும். இவர் காலை மறக்காமல் கேட்கிறான் பார். மூன்று வருடம் முன்பு கணபதி சிக்னலில் வண்டியிலிருந்து விழுந்து முறிந்த கால். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆபீசில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தது அவன்தான்.

அவனே அவசரமில்லை என்கிறான். நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூன் 11, செவ்வாய்

ஆறு, ஏழு, எட்டு, பத்து, பதினொன்று முடிந்தது. நல்ல வேகம்.

பத்தாவது ஃபைலில் ஒரு சிக்கல். 'தேதியைத் திருத்து' என்று ஒரு ஃபங்ஷன். அதே பெயரில் மூன்றாவது ஃபைலிலும் ஒன்று இருக்கிறது. யார் எழுதினார்களோ. பழைய டூலில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒரே பெயரில் இரண்டு ஃபைலில் இருந்தால், அவரவர் மெஷினில் இருக்கிற ஃபைல் பட்டியலில் எது கடைசியில் ஏறுகிறதோ அதில் இருப்பதுதான் ஓடும். முதலில் இருந்தது சத்தமில்லாமல் செத்துவிடும். தப்பு என்று டூல் ஒரு வார்த்தை சொல்லாது. ஸ்கிரிப்ட் பாட்டுக்குப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். யாரோ ஒருத்தர் பதில் சொல்வார். வந்தது நாம் நினைத்த ஆளா என்று அதற்குத் தெரியாது.

ஏழாம் வகுப்பில் எனக்கு இது நடந்திருக்கிறது. பாதி வருடத்தில் உடுமலையிலிருந்து இன்னொரு மரகதம் வந்து சேர்ந்தாள். வெள்ளையாக, தலை நிறையப் பூவோடு. அதற்குப் பிறகு டீச்சர் மரகதம் என்றால் அவள்தான் எழுந்திருப்பாள். விடை தெரிந்தும் நான் உட்கார்ந்தே இருப்பேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. மரகதத்துக்குக் கணக்கு வராது என்று டீச்சர் என் அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னைத்தான் அடித்தார்.

இதை எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 12, புதன்

சௌந்தர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒன்பதாவது ஃபைல் ஏன் மேடம் இன்னும் காலியா இருக்கு?" என்றார்.

"அதுல ஒண்ணும் இல்லீங்க. சும்மா தற்காலிகமா போட்டு வெச்சது. கடைசில பார்த்துக்கலாம்" என்றேன்.

"தேவையில்லைன்னா தூக்கிடலாமே."

"தூக்கிடலாம்" என்றேன். வாய் சட்டென்று சொல்லிவிட்டது.

ஜூன் 13, வியாழன்

குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். இவர் தயிரை எடுத்து ஊற்றிக்கொண்டார். பிறகு, "என்ன மரகதம், ஒரு வாரமா ஆளு இங்க இல்லையே" என்றார்.

சொல்லிவிடலாம் என்றுதான் பட்டது. "ஏங்க, உங்க கால் ஒடஞ்ச அன்னிக்கு நான் ஆபீஸ்ல ஒரு வேலையப் பாதில விட்டுட்டு ஓடி வந்தேனில்ல" என்று ஆரம்பித்தேன்.

"ஆமா, செருப்பு கூட மாத்திப் போட்டுட்டு வந்திருந்தியே" என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு ராஜேஸ்வரி, "அக்கா, நல்ல தண்ணி வந்திருச்சு" என்று குரல் கொடுத்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு வருகிற தண்ணீர். குடம், டிரம், அண்டா, குக்கர் வரை பிடித்தோம். இவர் அந்தக் காலோடு மாடிப்படி ஏறி இறங்கினார். முடித்து உட்கார்ந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. என்ன சொல்ல வந்தாய் என்று இவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாளை பதினான்கு.

ஜூன் 14, வெள்ளி

ஃபைல் பன்னிரண்டு, பதின்மூன்று. கடைக்கு ரிப்பேருக்கு வந்த மோட்டார் ஒன்றை இவர் வீட்டுக்கே தூக்கி வந்து காயில் சுற்றினார். ஹால் முழுக்க வார்னிஷ் நாற்றம். பதில் போடவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மாவு அரைக்கவில்லை. கடையில் வாங்கிக்கொண்டோம். போன் வரவில்லை. பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 17, திங்கள்

பதினான்கும் முடிந்தது, ஒன்பதைத் தவிர. இனி அதை ஒதுக்கிவிட்டு வேறு எதையும் செய்ய முடியாது. மத்தியானம் திறந்தேன்.

ஃபைலின் பெயர் 'தற்காலிகம்'. உள்ளே ஒன்றும் இல்லை. மேலே என் பெயர், ஒரு தேதி. அதற்குக் கீழே வெற்றிடம். முன்பு அங்கே மூன்று வரி இருந்தது.

எழுதிவிடுகிறேன். டைரியிடம் கூடப் பொய் சொல்லிக்கொண்டிருந்தால் நான் எதற்கு லாயக்கு.

மூன்று வருடம் முன்பு ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. வெளியூரிலிருந்து கஸ்டமர்கள் வந்திருந்தார்கள். டெஸ்ட் ஓடுவதைப் பெரிய திரையில் காட்ட வேண்டும். நவநீதன் மெஷின்தான் பெரிய திரையோடு இணைந்திருந்தது. அன்றைக்குப் பார்த்து எச்சரிக்கைப் பெட்டி மெதுவாக வந்தது. பெட்டி வந்ததா என்று பார்க்கிற ஃபங்ஷன், பொறுக்காமல் சிவப்பு காட்டிவிட்டது. கஸ்டமர் காபி குடிக்கப் போயிருந்தார்கள். பதினைந்து நிமிடம் இருந்தது. நான் புதிதாக ஒரு ஃபைல் போட்டேன். அதே பெயரில் இன்னொரு ஃபங்ஷன் எழுதினேன். அது எதையும் பார்க்காது. யார் கூப்பிட்டாலும் 'சரி' என்று மட்டும் சொல்லும். அந்த ஃபைலைப் பொது ஃபோல்டரில் வைத்து, நவநீதன் மெஷினின் பட்டியலில் கடைசியில் ஏற்றினேன். கடைசியில் ஏற்றினால்தான் அது ஜெயிக்கும் என்று தெரிந்தேதான் ஏற்றினேன். மேலே 'நாளை எடுத்துவிடவும்' என்று எழுதியும் வைத்தேன்.

எல்லாம் பச்சை. கஸ்டமர் கை தட்டினார்கள். கை தட்டி முடிப்பதற்குள் இவர் விழுந்துவிட்டதாக போன் வந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்த பன்னிரண்டு நாளில்தான் ரிலீஸ் போனது. நவநீதன் அவன் மெஷினில் டெஸ்டை ஓட்டினான். அவன் ஸ்கிரிப்ட் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. என் ஃபங்ஷன் 'சரி' என்றது. பெட்டி வராதது யாருக்கும் தெரியவில்லை. பச்சை.

இதுவரை மறதி. இவர் கால் முறிந்த அவசரத்தில் மறந்தேன் என்று யாரிடமும் சொல்லலாம். நம்புவார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு மூன்று வருடம் ஓட்டியிருக்கிறேன்.

ஆனால் ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் புகார் வந்தது. நவநீதன் பச்சை என்கிறான், எனக்குச் சிவப்பு வருகிறது. எப்படி என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஞாபகம் வந்தது. விசாரணை மறுநாள் பத்து மணிக்கு. ஃபைலைத் திறந்தேன். 'நாளை எடுத்துவிடவும்' என்ற குறிப்போடு சேர்த்து மூன்று வரியையும் அழித்தேன். இனி அவன் மெஷினிலும் உண்மையான ஃபங்ஷன்தான் ஓடும். ஆறு இருபது மணி. அவன் பக்கத்து சீட்டில்தான் இருந்தான். "அக்கா, டீ குடிக்கப் போலாங்களா" என்று கேட்டான். போனோம். அவன்தான் வாங்கிக் கொடுத்தான். "அவங்க முன்னாடியே ஓட்டிக் காட்டீர்றனுங்க, தெரிஞ்சு போயிரும்" என்று தைரியமாகப் பேசினான். நான் டீயில் பன்னைத் தொட்டுத் தின்றேன்.

மறுநாள் அவன் ஓட்டினான். சிவப்பு வந்தது. வரும் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவன் முகத்தைப் பார்த்தேன் என்று எழுத வந்தேன். பார்க்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஆபீசுக்கு லீவு சொன்னேன். இவர் கடைக்குப் போனதும் அவனைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தான். பின்னால் பிள்ளைகள் சத்தம். அந்தியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங்கும் டேலியும் சொல்லிக் கொடுக்கிறானாம்.

"சொல்லுங்க மேடம்."

"நவநீதா, அந்தப் படிவம்…"

"அது போயிருச்சுங்க. பதினாலாம் தேதிக்கு மேல பார்க்க மாட்டோம்னுட்டாங்க. சனிக்கிழமையே வேற ஆளப் போட்டுட்டாங்களாம். பரவாயில்லைங்க."

அவனே, "சார் எப்படி இருக்காருங்க" என்றான்.

"நவநீதா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ ஓட்டுனது நெசம். பச்சை வந்ததும் நெசம். அந்த ஃபைல்…"

"தெரியுங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன்.

"விசாரணை அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கே வந்து ஓட்டிப் பார்த்தனுங்க. செவப்பு வந்துச்சு. நேத்து வரைக்கும் பச்சையா இருந்தது ஒரே ராத்திரில எப்படி மாறும்னு, யாரு எப்ப என்ன மாத்துனாங்கன்னு பதிவாகுற ஹிஸ்டரிய எடுத்துப் பார்த்தனுங்க. மொத நாள் சாயந்தரம் ஆறு இருபது. மூணு வரி அழிச்சிருந்துச்சு. உங்க பேரு."

"அப்பறம் ஏன்டா கண்ணு சொல்லல? எல்லாரும் இருந்தாங்களே. அந்த ஹிஸ்டரிய எடுத்துக் காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே."

பிள்ளைகள் சத்தம் குறைந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான் போல.

"மூணு தடவ சொன்னனேங்க" என்றான். "அக்காவைக் கேளுங்கன்னு."

நான் அழுதேன். அவன் அழவில்லை. "நான் காட்டுனா அது புகாராயிருமுங்க. நீங்க சொன்னா மறந்துட்டேன்னு ஆயிரும், வேலைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சனுங்க. சொல்லீருவீங்கன்னு நெனச்சன். உங்களைத்தான பார்த்துட்டே நின்னன்" என்றான்.

"இந்தப் படிவத்துக்கும் என் பேரையே குடுத்திருக்கியே."

"ஆமாங்க. இன்னொருக்காக் கேட்டுப் பார்க்கலாம்னு."

கிளாஸுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான்.

தன்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டான் என்று ஆறாம் தேதி எழுதியிருக்கிறேன். 'பாவம்' என்று வேறு போட்டிருக்கிறேன். அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம். அழித்தது போதும்.

சாயங்காலம் இவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பையன் எனக்கு தினமும் ஆஸ்பத்திரிக்கு எளநி கொண்டு வந்தானே மரகதம்" என்றார். சாப்பிடவில்லை.

ஜூன் 19, புதன்

படிவத்தை நிரப்பினேன். ஏழாவது கேள்விக்கு 'இல்லை' என்று போட்டு, விவரம் என்ற இடத்தில் நடந்தது முழுவதும் எழுதினேன். என் பெயர், தேதி, ஆறு இருபது, எல்லாம். காலம் கடந்த பதில் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அதையே ஹெச்.ஆருக்கும் சௌந்தருக்கும் அனுப்பினேன். ஹிஸ்டரியின் நகலையும் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் சௌந்தர் என் சீட்டுக்கே வந்துவிட்டார். "மேடம், என்ன மேடம் இது. மூணு வருஷம் முன்னாடி மூடின விஷயம். கஸ்டமர் காதுக்குப் போனா திரும்பத் தோண்டுவாங்க. இப்ப இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்லீங்க. அன்னிக்குச் சொல்லியிருந்தா இருந்திருக்கும்" என்றேன்.

"உங்களுக்குச் சொந்தப் பிரச்சனை ஏதாவது இருக்கா?"

"இருக்குதுங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்."

ஜூன் 21, வெள்ளி

பத்து மணிக்கு அதே அறை. அதே நீள மேசை. இந்த முறை ஐந்து பேர். ஹெச்.ஆர். லலிதாம்பிகை அம்மா என் மெயிலை அச்சடித்து வைத்திருந்தார். நான் மறுபடியும் வாயால் சொன்னேன். மெயிலில் எழுதியபோது இருந்த தைரியம் வாயில் இல்லை. நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

"நீங்க சொல்றதை யாராவது உறுதிப்படுத்த முடியுமா? அவருக்காக இரக்கப்பட்டு இப்ப நீங்க பழியை எடுத்துக்கிற மாதிரியும் இருக்கலாம் இல்லையா?" என்றார் லலிதாம்பிகை. எனக்கு நல்லவள் வேஷம் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதுவும் கம்பெனிக்கு வசதிதான்.

"நவநீதனைக் கேளுங்க" என்றேன்.

சௌந்தர் வேண்டாம் என்றார். வெளி ஆளை எப்படிக் கூப்பிடுவது என்றார். நான் மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறையும் சொன்னபோது லலிதாம்பிகை போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

நவநீதன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"நான் ஓட்டுனனுங்க. பச்சை வந்துச்சுங்க" என்றான்.

மூன்று வருடம் முன்பு சொன்ன அதே வார்த்தை, அதே குரல். இந்த முறை அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஃபைலைப் பற்றி, அழித்ததைப் பற்றிக் கேட்டார்கள். "அதெல்லாம் மேடத்துக்குத்தாங்க தெரியும்" என்றான். கடைசி வரை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கு அவன் நாலு வார்த்தை என்னைத் திட்டியிருக்கலாம்.

"அவரு ஓட்டினாரு. பச்சைதான் வந்துச்சு. அதைப் பச்சையாக்கினது நான். அழிச்சதும் நான்" என்றேன். மூன்று வருடம் தாமதமாக, அதே நாற்காலியில்.

ஜூன் 24, திங்கள்

ராஜினாமாவை அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இருபத்தெட்டு கடைசி நாள். அதுவரை ஸ்கிரிப்டை மாற்றி முடித்துவிட்டுப் போக வேண்டுமாம். என் கையெழுத்தை நம்ப மாட்டார்கள், என் கையை மட்டும் நம்புகிறார்கள். கஸ்டமருக்குச் சொல்லப் போகிறார்களா என்று கேட்டேன். சட்டப் பிரிவு பார்க்கிறது என்றார்கள். அந்தப் பெண்ணின் பெயர் கூட எனக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயது என்று மட்டும் புகாரில் பார்த்த ஞாபகம்.

நவநீதனை வேலையை விட்டு அனுப்பியபோது கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்று, அவர் மேல் தவறில்லை என்று புதுக் கடிதம் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். அதைத் தபாலில் போடுவதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஜூன் 27, வியாழன்

முந்நூற்று எண்பத்தாறும் முடிந்தது. புது டூலில் ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் அதுவே நிறுத்திக் கேட்கிறது, எந்த ஆள் வேண்டும் என்று. முன்பே வந்திருக்கக் கூடாதா.

ஒன்பதாவது ஃபைலைத் தூக்கவில்லை. வெற்று ஃபைலாகவே மாற்றி, ஹிஸ்டரியோடு வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு வருகிறவர்கள் யாராவது இது எதற்கு என்று பார்க்கட்டும்.

ஜூன் 29, சனி

காலையில் துணி துவைத்தேன். கேஸ் புக் செய்தேன். பத்தொன்பது வருடத்தில் நாளைக்கு மறுநாள் திங்கட்கிழமை என்று பயப்படாத முதல் சனிக்கிழமை. பயம் இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

மத்தியானம் நவநீதன் மெசேஜ் போட்டிருந்தான்.

'லெட்டர் வந்துச்சுங்க. அம்மாகிட்டப் படிச்சுக் காட்டினேன். அன்னிக்கு உங்களுக்கு அவசரமில்லைன்னு எழுதியிருந்தேன். அவசரமாத்தாங்க இருந்துச்சு.'

மேடம் என்றும் இல்லை, அக்கா என்றும் இல்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'மன்னிச்சுக்கோ' என்று அடித்தேன். எடுத்தேன். மறுபடி அடித்தேன். கீழே ராஜேஸ்வரி, "அக்கா, நல்ல தண்ணி வந்திருச்சு, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இவர்தான் குடத்தை எடுத்துக்கொண்டு அந்தக் காலோடு இறங்கிப் போனார்.